சத்துப் பவுடருக்குப் பணம் கொடுக்கும் முன்: டப்பா சொல்வது உண்மையா என்று பார்ப்பது எப்படி?

என் அம்மாவுக்கு 61 வயது. தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் இருக்கிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் மாதாமாதம் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் எங்கள் தெருப் பெண் ஒருவர், ஆள் சேர்த்து வீடு வீடாகப் பொருள் விற்கும் நெட்வொர்க் கம்பெனி ஒன்றில் சேர்ந்தார். ஒரு பவுடர் டப்பாவோடு வந்து, “பெரியம்மா, இது மருந்தே இல்ல, வெறும் சத்து. மூணு மாசம் குடிங்க. மூட்டுவலியும் போயிடும், சுகர் மாத்திரையையும் தூக்கிப் போட்டுடலாம்” என்றார். டப்பா 2,850 ரூபாய். மூன்று மாதத்துக்கு மூன்று டப்பா.

அம்மா மாத்திரையை நிறுத்தியது எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அலமாரியில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். மறுநாளே ரத்தம் எடுத்தோம். 7.1 ஆக இருந்த மூன்று மாத சர்க்கரை அளவு (HbA1c) 9.8-க்குப் போயிருந்தது.

பிறகு அந்த டப்பாவைப் பற்றி விசாரிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. யாரைக் கேட்பது, எதைப் படிப்பது, எந்த அலுவலகத்துக்குப் போவது என்று ஒவ்வொன்றாகத் தடவித் தடவிக் கண்டுபிடித்தேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம். கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்கள். டப்பாவைப் படிப்பதற்கும் தேடிப் பார்ப்பதற்கும் ஒரு மாலை நேரம் போதும்.

1. சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

விற்பவர் வாயால் சொல்வதும் டப்பாவில் அச்சாகியிருப்பதும் வேறு வேறு. வாயில் “சுகர் குணமாகும்” என்று வரும். டப்பாவில் “ஆரோக்கியமான சர்க்கரை அளவுக்குத் துணைபுரியும்” என்றுதான் இருக்கும். முதலாவதை அச்சடித்தால் சட்டப்படி மாட்டிக்கொள்வார்கள், அதனால்தான் இந்த வித்தியாசம். சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவுப் பொருளாக விற்கும் சத்துப் பவுடர் நோயைத் தீர்க்கும் என்று சொல்லவே கூடாது.

ஆகவே அவர் சொன்னதைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதுங்கள். “இதையே வாட்ஸ்அப்பில் அனுப்புங்களேன்” என்று கேளுங்கள். அனுப்பினால் ஆதாரமாக வைத்துக்கொள்ளலாம். அனுப்பத் தயங்கினால், அந்தத் தயக்கம் எதைக் காட்டுகிறது என்பது உங்களுக்கே புரியும்.

2. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்

முன்பக்கம் விளம்பரம். விஷயமெல்லாம் பின்பக்கத்தில் இருக்கிறது. அம்மாவின் டப்பாவைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் என்னால் படிக்க முடிந்தது. அரிசி மணி அளவு எழுத்து, எல்லாம் ஆங்கிலம். அடியில் ஒரு வரி: ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’. சத்துப் பொருள் எதுவானாலும் இந்த வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. சுகர் மாத்திரைக்குப் பதிலாக என் அம்மா மூன்று மாதம் குடித்த பொருளின் மேலேயே அது மருந்தல்ல என்று எழுதியிருக்கிறது. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. விற்ற பெண்ணும் அதைப் படித்துப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டியது முக்கியமாக அளவு. ஒரு வேளைக்கு எத்தனை கிராம், அதில் ஒவ்வொரு சேர்மானமும் எத்தனை மில்லிகிராம்? இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில டப்பாக்களில் ‘மூலிகைக் கலவை 500 மில்லிகிராம்’ என்று மொத்தமாகப் போட்டு, கீழே பன்னிரண்டு பெயர் அடுக்கியிருப்பார்கள். எது எவ்வளவு என்று தெரியாது. அப்படிப்பட்டதை வாங்காதீர்கள். அளவு தெரியாவிட்டால் அடுத்த படிகள் எதையுமே செய்ய முடியாது.

இன்னொன்றும் பாருங்கள். அளவு 100 கிராமுக்குப் போட்டிருக்கிறதா, ஒரு ஸ்பூனுக்கா? 100 கிராமுக்கு 20 கிராம் புரதம் என்றால் பெரிதாகத் தெரியும். நீங்கள் குடிக்கப் போவது 10 கிராம் ஸ்பூன் என்றால் கிடைப்பது 2 கிராம்தான்.

3. உரிம எண்ணைச் சரிபாருங்கள், ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள்

எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கம். ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். ஐந்து நிமிட வேலை, செலவில்லை. எண்ணே இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி பெயரில் வந்தாலும் அத்தோடு விட்டுவிடுங்கள்.

எண் சரியாக இருந்தால் அந்தப் பொருளைத் தயாரித்து விற்க உரிமம் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். மூட்டுவலி போகும் என்று அரசு சோதித்துச் சான்று கொடுத்ததாக அர்த்தமில்லை. “கவர்ன்மென்ட் சர்டிபிகேட் இருக்கு பாருங்க” என்று காட்டும்போது நம் ஆட்கள் மடங்குவது இந்த இடத்தில்தான். “அமெரிக்க எஃப்டிஏ அங்கீகாரம்” என்பதும் அப்படியே. எஃப்டிஏ என்பது அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. சத்துப் பொருட்கள் கடைக்கு வருவதற்கு முன் அவற்றை அமெரிக்க எஃப்டிஏ அங்கீகரிப்பதே கிடையாது.

சித்த, ஆயுர்வேத மருந்து என்று விற்றால் அதற்கு எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருக்காது, மருந்து தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். இரண்டுமே இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

4. கம்பெனி பெயரைத் தேடாதீர்கள், சேர்மானத்தின் பெயரைத் தேடுங்கள்

நான் முதலில் கம்பெனி பெயரைத்தான் தேடினேன். ஒரு வாரம் வீண். வந்ததெல்லாம் விற்பவர்கள் போட்ட வீடியோக்கள். அப்புறம் பழக்கமான மருந்துக்கடைக்காரர் ஒருவர் சொன்னார்: “பெயரை விடு தம்பி, உள்ளே என்ன இருக்குன்னு தேடு.”

அம்மாவின் டப்பாவில் மூட்டுக்கென்று இருந்தது குளுக்கோசமைன், ஒரு வேளைக்கு 200 மில்லிகிராம். இதைப் பற்றிய பெரிய ஆய்வு 2006-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 1,583 பேர், 24 வாரம், தினம் 1,500 மில்லிகிராம். மொத்தமாகப் பார்த்தால் மருந்தே இல்லாத டம்மி மாத்திரையைவிட அது மேலாக வேலை செய்யவில்லை. ஏழு மடங்குக்கும் மேல் கொடுத்தே வேலை செய்யாத விஷயம் 200 மில்லிகிராமில் வேலை செய்யுமா?

அதே ஆய்வில் இன்னொன்றையும் கவனியுங்கள். டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 100-க்கு 60 பேருக்கு வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. மூட்டுவலி ஏறி இறங்கும் தன்மை கொண்டது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் எதையாவது வாங்குகிறோம், பிறகு அது தானாகவும் குறையும். “பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சரியாப் போச்சு” என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த அக்காவுக்கு உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அது பவுடரால்தான் என்பதற்கு அது சாட்சி ஆகாது. டம்மியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு எதற்காக வேண்டும் என்பது எனக்கு இந்த 60 என்ற எண்ணைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

தேட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று காக்ரேன் (Cochrane) என்ற பன்னாட்டு அமைப்பு. ஒரு கேள்விக்கு வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டு, எளிய சுருக்கமும் கொடுப்பார்கள், சில சுருக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன. இன்னொன்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் உணவுச் சத்துப் பிரிவு. வைட்டமின், தாது, மூலிகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தாள் இருக்கும். ஆங்கிலம்தான், ஆனாலும் போனிலேயே மொழிபெயர்த்துப் படிக்கலாம். இரண்டுமே இலவசம். படிக்கும்போது யாருக்குக் கொடுத்தார்கள் (மனிதனுக்கா, எலிக்கா), எவ்வளவு கொடுத்தார்கள், டம்மியோடு ஒப்பிட்டார்களா, பணம் போட்டது யார் என்று பாருங்கள்.

நம் பக்கம் அதிகம் விற்பவற்றில் நான் தேடிப் பார்த்த சில:

வைட்டமின் சி தினமும் எடுத்தால் சளி வருவது குறைவதில்லை. வந்த சளி பெரியவர்களுக்குச் சுமார் 8 சதவீதம் சீக்கிரம் போகும், அதாவது ஒரு வாரச் சளியில் அரை நாள். சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் அதுவும் இல்லை.

வைட்டமின் டி, மீன் எண்ணெய் இரண்டையும் 25,871 அமெரிக்கர்களிடம் ஐந்து வருடத்துக்கு மேல் சோதித்தார்கள். புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம் வருவதை இரண்டும் குறிப்பிடும்படி தடுக்கவில்லை. குறைபாடு உள்ளவருக்கு வைட்டமின் டி கொடுப்பது வேறு விஷயம், அது வைத்தியம்.

ஸ்பைருலினாவில் பி12 நிறைய இருக்கிறது என்பார்கள். அதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்.

ப்ரோட்டீன் பவுடர்: 2024-ல் இந்தியச் சந்தையில் விற்கும் 36 வகைகளைப் பரிசோதித்து வெளியான ஆய்வில், பத்தில் ஏழில் புரத அளவு டப்பாவில் போட்டபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. ஓசூர், கிருஷ்ணகிரி ஜிம்களுக்குப் போகும் தம்பிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

எல்லாமே வீண் என்று சொல்ல வரவில்லை. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே எடுக்கும் ஃபோலிக் அமிலம் குழந்தையின் முதுகுத்தண்டுக் குறையைத் தடுக்கும் என்பது 1991-லேயே உறுதியானது. கர்ப்பிணிகளுக்கு இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை 180 நாளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதை மூலையில் போட்டுவிட்டு 900 ரூபாய்க்கு டப்பா வாங்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

5. குறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

இல்லாத குறைக்குச் சத்து வாங்கிப் பயனில்லை. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அப்படியே. அதனால் பி12 பார்ப்பது நியாயமான செலவு. ரத்தம் குறைவு என்றால் ஹீமோகுளோபின் பாருங்கள். சர்க்கரை, ஹீமோகுளோபின் எல்லாம் அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. காலையில் சீக்கிரம் போனால் மதியத்துக்குள் வேலை முடியும். தனியாரில் நான் பி12-க்குக் கொடுத்தது 750, மூன்று மாத சர்க்கரைக்கு 450. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு டப்பா விலையில் பாதிகூட இல்லை.

விற்பவரே கொண்டுவரும் ‘முழு உடல் ஸ்கேன்’ கருவியில் கையை வைக்கச் சொல்வார்கள். கையைப் பிடித்து வைட்டமின் அளவைச் சொல்லும் அந்த அறிக்கையைக் கணக்கில் எடுக்காதீர்கள். வைட்டமின் அளவு தெரிய ரத்தப் பரிசோதனை வேண்டும்.

இனி நம் மாவட்டங்களுக்கே உரிய விஷயம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். பல வருடம் ஃப்ளோரைடு அதிகமுள்ள போர் தண்ணீர் குடித்தால் பல்லில் கறை படியும், பிறகு மூட்டும் முதுகும் இறுகி வலிக்கும். அதைத் தேய்மானம் என்று நினைத்துப் பவுடர் வாங்குகிறவர்கள் உண்டு. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டாலும் 1.5-ஐத் தாண்டக்கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம். வீட்டில் பலருக்கும் மூட்டுவலி, பிள்ளைகளின் பல்லில் மஞ்சள் கறை என்றால், பவுடரை விட்டுத் தண்ணீரைப் பாருங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். தண்ணீரை மாற்றாமல் எந்த டப்பாவும் உதவாது.

6. சாப்பாட்டோடு விலையை ஒப்பிடுங்கள்

60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் போதும். 100 கிராம் கொள்ளில் 22 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். கால்சியம் தினம் 1,000 மில்லிகிராம் என்பது கணக்கு. 100 கிராம் ராகி மாவில் சுமார் 350 இருக்கிறது. களியும் கொள்ளுப் பருப்பும் பாலும் இருக்கிற வீட்டில் என்ன குறைகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு டப்பாவுக்குப் போங்கள்.

7. இப்போது சாப்பிடும் மாத்திரையோடு மோதுமா?

டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடமோ மருந்தாளரிடமோ போங்கள். பெயர் மட்டும் சொன்னால் அவர்களுக்குத் தெரியாது, பின்பக்கத்தைக் காட்ட வேண்டும்.

தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். முடி வளர என்று விற்கும் பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளையே தவறாகக் காட்டிவிடும், தைராய்டு பரிசோதனையும் அதில் அடக்கம். பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள். புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் (காரட்டில் இருக்கும் சத்து) மாத்திரை பக்கமே போக வேண்டாம். பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வில் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தார்கள். 18 சதவீதம் கூடியது. காரட் சாப்பிடலாம், அதில் பயமில்லை.

இயற்கை என்றால் ஆபத்தில்லை என்பதும் தவறு. எடை குறைக்க விற்கும் குடம்புளிச் சாறு மாத்திரை, பச்சைத் தேயிலைச் சாறு, மிளகுச் சாறு சேர்த்த மஞ்சள் மாத்திரை, அஸ்வகந்தா எல்லாவற்றாலும் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். குழம்பில் போடும் மஞ்சளைச் சொல்லவில்லை. சாறாக்கிச் செறிவூட்டி மாத்திரையாக்கியதைத்தான் சொல்கிறேன்.

மிக முக்கியமான எச்சரிக்கை: ஒரு மூலிகைப் பவுடர் இரண்டே நாளில் மூட்டுவலியை அடியோடு போக்கினால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். உள்ளே ஸ்டீராய்டோ வலி மருந்தோ சொல்லாமல் கலந்திருக்கலாம். 2022-ல் அமெரிக்காவில் விற்ற ஒரு மூட்டுவலி மாத்திரையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் இருந்ததை எஃப்டிஏ கண்டுபிடித்து எச்சரித்தது. ஸ்டீராய்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும். பல நாள் சாப்பிட்டிருந்தால் நீங்களாக டக்கென்று நிறுத்தாமல் உடனே டாக்டரிடம் போங்கள். ஸ்டீராய்டைத் திடீரென விட்டாலும் ஆபத்து.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை எந்தப் பவுடருக்காகவும் நிறுத்தாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள். “சாப்பிட்டீங்களாம்மா?” என்று நான் போனில் கேட்டேன், “ஆச்சு” என்றார். அவர் சொன்னது பவுடரை.

8. வாங்கியே ஆகவேண்டும் என்றால்

பில் வாங்குங்கள். வீட்டுக்கு வந்து விற்பவர் அடையாள அட்டையோடு, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று 2021-ல் வந்த நேரடி விற்பனை விதிகள் சொல்கின்றன. திருப்பிக் கொடுக்கும் வசதி எத்தனை நாளுக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே ஒரு டப்பா வாங்குங்கள். “மூன்று எடுத்தால் தள்ளுபடி”, “இன்றைக்குள் சேர்ந்தால் பாயிண்ட்” என்பதற்கெல்லாம் மசியாதீர்கள்.

குடிக்கும் முன் ஒரு பரிசோதனை, 3 மாதம் கழித்து ஒன்று. மூன்று மாத சர்க்கரை அளவு என்பது அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதச் சராசரி, ஆகவே பத்து நாளில் பார்த்து ஒன்றும் தெரியாது.

9. ஏமாந்துவிட்டால்

முதலில் ஆதாரங்களைச் சேருங்கள். பில் அல்லது ஜிபே ரசீது, டப்பாவின் எல்லாப் பக்கமும் படம், பேட்ச் எண் தெளிவாகத் தெரியும் ஒரு படம், வாட்ஸ்அப் பேச்சு, டாக்டர் சீட்டு, முன்னும் பின்னும் எடுத்த ரத்த அறிக்கை. டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். நாங்கள் இரண்டு டப்பாவைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டோம், பிறகு பேட்ச் எண்ணுக்காகத் தவித்தோம்.

பொருளைப் பற்றிய புகார் என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாகவும் கொடுக்கலாம், ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கச் சட்டம் இடம் தருகிறது. நமக்குப் பக்கம் சேலத்தில் அரசு ஆய்வகம் இருக்கிறது. ஆனால் வாங்கும்போதே “இதைப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன்” என்று விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எனக்கு இது தெரியாது. பிரித்துப் பாதி குடித்த டப்பாவோடு போய்த் திரும்பி வந்தேன். நீங்கள் அப்படி அனுப்ப நினைத்தால் புதிதாக ஒன்றை, சொல்லிவிட்டு வாங்குங்கள். பரிசோதனையில் பொருள் தவறு என்று வந்தால் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

பணம் திரும்ப வேண்டும் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். நாங்கள் 1915-ல் பதிவு செய்து, விற்றவருக்கும் கம்பெனிக்கும் ஒப்புகையோடு கடிதம் அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து ஒரு டப்பாவின் பணம் வந்தது, பேட்ச் எண் இருந்த அந்த ஒரு டப்பாவுக்கு மட்டும். அம்மா மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து மூன்று மாதம் ஆனபோது அளவு 7.4-க்கு வந்திருந்தது. அடுத்த பரிசோதனை தை மாதத்தில்.